மூளைக்கு ஊசி, ஏழைக்கு நம்பிக்கை

சென்ற ஆண்டு எங்கள் பாடசாலையின் சிற்றூழியர் ஒருவர் பாரிசவாதத்தால் தாக்கப்பட்டார். மணியடிப்பவர் அவர், வாயிற்கதவைத் திறந்து மூடுபவர் அவர், மாரிகாலத்தில் ஒழுகும் வகுப்பறைகளில் வாளி வைப்பவரும் அவரே. மாணவர் அனைவருக்கும் அவர் 'அண்ணை'. அன்று காலை இரண்டாம் பாட மணியை அடிக்கச் சென்றவரின் வலக்கை துவண்டு விழுந்தது; வாய் ஒரு பக்கம் கோணியது; சொல் குழறியது. ஆசிரியர் அறை வாங்கில் அவரைக் கிடத்தினோம். 'வெய்யில் பட்டிருக்கும்' என்றார் ஒருவர். 'இது வாதம், எண்ணெய் போட்டு உருவினாற் சரி' என்றார் இன்னொருவர். 'சற்று நேரம் ஆறுதலாகப் படுத்திருக்கட்டும்' என்றவன் நான். விசிறினோம், சோடா பருக்கினோம். பட்டதாரிகள் முப்பது பேர் கூடிநின்று, ஒரு மனிதனுடைய மூளை சிறிது சிறிதாக இறந்துகொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வைத்தியசாலைக்கு அவரைக் கொண்டுசென்றபோது மதியம் கடந்துவிட்டது.

மூன்றாம் நாள் அவருடைய மனைவியின் கையில் ஒரு துண்டு கொடுக்கப்பட்டது. மூளையை மீட்கும் ஊசி, வைத்தியசாலையில் இல்லை, வெளியே வாங்கவேண்டும், நாளொன்றுக்கு ஒன்றாகப் பத்து நாள். 'இந்த ஊசி போட்டால் கை திரும்பும் எண்டு சொல்லினம், மாஸ்ரர். உண்மையே?' என்று அவர் என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லும் துணிவும் எனக்கு இருக்கவில்லை. 'போடத்தான் வேணும் அக்கா' என்றேன். ஆசிரியர்களிடம் நானே பட்டியல் எழுதிக் காசு சேர்த்தேன். அது நான்கு நாள் ஊசிக்குப் போதுமாயிற்று. மிகுதி ஆறு நாளுக்கு அந்தப் பெண்ணின் தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போயிற்று.

பத்து நாளும் ஊசி ஏற்றப்பட்டது. வீட்டுக்கு அனுப்பியபோது, வாரத்தில் இரு தடவை இயன்மருத்துவப் பிரிவுக்கு வந்து கைக்கும் காலுக்கும் பயிற்சி பெறவேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். பயிற்சி இலவசம். போய்வர முச்சக்கர வண்டிக் கூலி இலவசமன்று. ஐந்து முறை போனார்கள். ஆறாவது முறை போகக் காசில்லை. இன்று அவருடைய வலக்கை விரல்கள் உள்நோக்கி மடங்கி இறுகிவிட்டன. நான் அந்த வீட்டுக்குச் சென்றபோது சுவாமி படத்தின் அருகே, வெறுமையான அந்த ஊசிமருந்துப் பெட்டியை வைத்திருக்கக் கண்டேன். ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. விளக்கின் அருகே ஏன் ஒரு பொருளை வைப்பார்கள் என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

இக்கட்டுரை அந்தப் பெட்டியைப் பற்றியது. வாங்க முடியாதவனிடம், பயன் நிறுவப்படாத ஒன்றை, அவனுடைய மிக மோசமான நாளிலே விற்பது எத்தகைய வணிகம் என்பதே என் கேள்வி. அந்த வணிகத்துக்கு நம்மைப் போன்ற படித்தவர்கள் எவ்வாறு தரகர்களாகிறோம் என்பது இரண்டாவது கேள்வி.

பாரிசவாதத்துக்குப் பின்னும், விபத்திலே தலையில் அடிபட்ட பின்னும், மூளைக்கு 'உதவி செய்யும்' ஊசிமருந்துகள் என்று உலகச் சந்தையிலே பல உள. அவற்றுள் மிகுதியாகப் பேசப்படுவன இரண்டு. ஒன்று சிற்றிக்கோலீன். நரம்புக் கலங்களின் மென்சவ்வை ஆக்கும் பொருள்களை உடல் தயாரிக்கும்போது இடையிலே தோன்றும் ஒரு சேர்மம் அது. மென்சவ்வு சிதைந்த கலத்துக்கு மென்சவ்வின் மூலப்பொருளை ஊட்டினால் கலம் தேறும் என்பது அதன் பின்னாலுள்ள எண்ணம். மற்றது செரிபிறோலைசின். பன்றியின் மூளைப் புரதத்தைச் சிதைத்துப் பெறும் சிறு புரதத் துணுக்குகளின் கலவை, ஒஸ்திரியாவில் உற்பத்தியாவது, ருஷ்யா, கிழக்கு ஐரோப்பா, சீனா முதலான நாடுகளிலே பரவலாக வழங்குவது. இவ்விரண்டில் எதுவும் ஐக்கிய அமெரிக்காவில் பாரிசவாதத்துக்கான மருந்தாக அனுமதி பெறவில்லை.

எண்ணம் அழகானது. ஆய்வுகூடத்து எலிகளிடத்தே பலனும் கண்டார்கள். ஆனால் எலியின் மூளையைக் காப்பாற்றிய மருந்துகளின் வரலாறு நமக்குப் பணிவைக் கற்பிக்கவேண்டும். பாரிசவாதத்துக்கென ஆராயப்பட்ட 1,026 சிகிச்சைகளை 2006ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுக் குழு கணக்கெடுத்தது. அவற்றுள் மனிதரிடம் பரிசோதிக்கப்படும் நிலைக்கு வந்தவை 114 மட்டுமே. எலியைக் காத்தவற்றுள் மனிதரையும் காத்தவை எத்தனை என்று தேடினால், விரல் மடக்கி எண்ணவும் வேலையிராது.

சிற்றிக்கோலீனுக்கு வருவோம். ஸ்பெயின், போர்த்துக்கல், ஜேர்மனி ஆகிய நாடுகளிலே 2,298 நோயாளரிடம் அது பரிசோதிக்கப்பட்டது. பாரிசவாதம் வந்து 24 மணித்தியாலத்துக்குள் ஒரு சாராருக்கு மருந்து. மறு சாராருக்கு உருவத்தில் அதையே ஒத்த போலி மருந்து. யாருக்கு எது என்பதை நோயாளியும் அறியார், வைத்தியரும் அறியார். முதல் மூன்று நாள் நரம்பு வழியாகவும், பின்னர் வாய் வழியாகவும் ஆறு வாரம் கொடுத்தார்கள். பயனில்லை என்று கண்டு பரிசோதனையை இடையில் நிறுத்தினார்கள். 2012இல் முடிவு வெளியாயிற்று: தேறியோர் தொகையில் இரு சாராருக்குமிடையே வேறுபாடில்லை. மருந்தை உற்பத்தி செய்யும் நிறுவனத்தின் நிதியிலேயே இந்தப் பரிசோதனை நடந்தது என்பதையும் மறக்கவேண்டாம். அதே 2012இல், தலையில் அடிபட்ட 1,213 பேரிடம் அமெரிக்காவில் தொண்ணூறு நாள் அதே மருந்தைக் கொடுத்துப் பார்த்த பரிசோதனையின் முடிவும் வந்தது. அங்கும் பயன் இல்லை.

செரிபிறோலைசினைப் பற்றி, மருத்துவப் பரிசோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்றேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட மீளாய்வு 7 பரிசோதனைகளையும் 1,601 நோயாளரையும் கணக்கிலெடுத்தது. மரணத்தைத் தடுப்பதில் அம்மருந்தால் பெரும்பாலும் பயனில்லை என்றும், உயிராபத்து நேராவிடினும் பாரதூரமான பாதகங்கள் அதனால் அதிகரித்திருக்கலாம் என்றும் அது முடிவு கூறியது.

எதிர்வாதத்தையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். 2016இல் வெளியான ஓர் ஆய்வு, 208 நோயாளரிடம் செரிபிறோலைசினை மூன்று வாரம் கொடுத்துக் கையின் இயக்கம் தேறியதாகக் கண்டது. ஐரோப்பிய நரம்பியல் வைத்தியர்களின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டி ஒன்று, ஆரம்ப காலப் புனர்வாழ்வுச் சிகிச்சையில் அதைப் பயன்படுத்தலாம் என்றும் சொல்கிறது. அமெரிக்க இதய நோய்ச் சங்கத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டியோ, மூளையைக் காப்பதாகச் சொல்லப்படும் எம்மருந்தையும் உடனடிச் சிகிச்சையில் பரிந்துரைக்கவில்லை. ஆகவே அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் இருநூறு பேரிடம் கண்ட பயன் மூவாயிரம் பேரிடம் கரைந்துபோவதை இத்துறை முன்னரே பார்த்திருக்கிறது. நரம்பு வழியே ஏற்றப்படும் என்.எக்ஸ்.வை.-059 என்னும் மருந்து ஏறத்தாழ 1,700 நோயாளரிடம் பயன் தந்ததாக 2006இல் உலகமே மகிழ்ந்தது. ஏறத்தாழ 3,300 பேரிடம் திரும்பவும் பரிசோதித்தபோது, 2007இல் அந்த மகிழ்ச்சி அணைந்தது. அம்மருந்து கைவிடப்பட்டது. கைவிட்டார்கள் என்பதே விஞ்ஞானத்தின் பெருமை. கைவிடாது விற்பதுதான் வணிகம்.

நான் விஞ்ஞானம் கற்றவனல்லன்; தமிழ் படித்தவன். ஆயினும் சொல்லைச் சோதிப்பது என் தொழில். இத்தகைய மருந்துகளின் விளம்பரத் தாள்களை எடுத்து வாசித்துப் பாருங்கள். மூளைக்கு 'ஊட்டம்', நரம்புக்குப் 'பாதுகாப்பு', மீட்சிக்குத் 'துணை' என்னும் சொற்களையே காண்பீர்கள். ஊட்டம் என்ற சொல் தாயையும் சோற்றையும் நினைவூட்டுகிறது. சோறு வேண்டாமென்று யார் சொல்வார்? துணை என்ற சொல் எதையும் வாக்களிப்பதில்லை. ஆகவே எந்த வாக்கையும் மீறுவதில்லை. நோயாளி தேறினால் துணைசெய்தது மருந்து. தேறாவிட்டால் நோய் கடுமையானது. இப்படி இரண்டு பக்கமும் வெல்லும் சொல்லைச் செய்யுளிலே கண்டால் சிலேடை என்று மெச்சலாம். மருந்துத் துண்டிலே கண்டால் அதற்கு வேறு பெயர்.

இதைச் சொன்னவுடன் என் நண்பர்கள் எழுப்பும் மறுப்புகள் சில உண்டு. ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

'ஊசி போட்டபின் இன்னார் எழுந்து நடந்தாரே' என்பது முதலாவது. காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதையைப் பனைமரத்து மண்ணிலே பிறந்த நாம் மறக்கலாமா? பாரிசவாதம் கண்டவர்களிற் பலர், முதல் மூன்று மாதங்களில், எந்த ஊசியும் இன்றியே ஓரளவு தேறுகின்றனர். அடிபட்ட பகுதியைச் சுற்றியுள்ள வீக்கம் வற்றுகிறது. எஞ்சிய நரம்புகள் புதிய தொடர்புகளை ஏற்படுத்திக்கொள்கின்றன. அந்தத் தேறுதல் நிகழும் காலத்திலேதான் ஊசியும் ஏற்றப்படுகிறது. ஊசி போட்டவர் தேறினார் என்பது ஒன்றையும் நிறுவாது. போடாதவரைவிட அதிகமாகத் தேறினாரா என்பதே கேள்வி. அக்கேள்விக்கு விடை ஒருவருடைய கண்ணிலோ ஒரு வைத்தியருடைய அனுபவத்திலோ கிடைப்பதில்லை. நாணயத்தைச் சுண்டிவிட்டாற்போல எழுமாற்றாக இரு சாராராகப் பிரிக்கப்பட்ட ஆயிரக்கணக்கானோரிடத்தே தேடினால்தான் கிடைக்கும்.

'பயன் இல்லாவிட்டாலும் கெடுதியில்லையே' என்பது இரண்டாவது. கெடுதி என்பது எப்போதும் கண்ணுக்குத் தெரிவதில்லை. தலையில் அடிபட்டு மூளை வீங்கியவர்களுக்கு ஸ்ரீரோயிட் வகை ஊசிமருந்து ஏற்றும் வழக்கம் பல தசாப்தங்களாக உலகெங்கும் இருந்தது. வீக்கத்தைக் குறைக்கும் மருந்துதானே, மூளை வீக்கத்தையும் குறைக்காதா என்பது நியாயம். கொடுத்தவர்கள் கொடியவர்களல்லர், நல்லெண்ணத்தோடுதான் கொடுத்தார்கள். இறுதியில் அது பெரும் பரிசோதனை ஒன்றுக்கு உட்படுத்தப்பட்டது. 10,008 பேர் சேர்ந்த நிலையில் 2004இல் பரிசோதனையை நிறுத்தவேண்டியதாயிற்று. மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 21.1 பேர் இரண்டு வாரத்துள் இறந்தனர். போலி மருந்து பெற்றவர்களில் 17.9 பேர். நூற்றுக்கு மூவர் என்பது எந்த ஒரு வைத்தியசாலை வார்ட்டிலும் எவருடைய கண்ணிலும் படாத வேறுபாடு. அடிபட்டவர் இறந்தார், அடி பலமானது என்று எண்ணி எல்லோரும் அமைதியடைந்திருப்பார்கள். ஆண்டுக்கணக்காக எத்தனை கட்டில்களின் அருகே அப்படி அமைதியடைந்திருப்பார்கள் என்பதை எண்ணும்போது நெஞ்சு நடுங்குகிறது. 'கெடுதியில்லையே' என்று சொல்பவர் அதைச் சோதித்துப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

மேலும், ஏழைக்கு மருந்தின் விலையே அதன் முதற் பக்கவிளைவு. பத்து ஊசியின் விலைக்கு எங்கள் அண்ணை பல மாதங்கள் முச்சக்கர வண்டியில் இயன்மருத்துவரிடம் போய் வந்திருக்கலாம். மடங்கி இறுகிய விரல்களை விரிக்கும் வேலை அங்கேதான் நடக்கிறது. அந்தக் கூலியைத்தான் நாங்கள் ஊசியிலே அடைத்து நரம்புக்குள் செலுத்தினோம். கெடுதியில்லை என்று இனி யார் எனக்குச் சொல்லமுடியும்?

'நோயாளிக்கு இருக்கும் நம்பிக்கையையும் பறிக்கலாமா' என்பது மூன்றாவது. இதுவே எல்லாவற்றிலும் வலிமையான மறுப்பு. ஆகவே எல்லாவற்றிலும் ஆபத்தானது. நம்பிக்கை மனிதனுக்கு வேண்டும். ஆனால் அந்த நம்பிக்கைக்கு விலைச்சீட்டு ஒட்டியவர் யார்? கோயில் வாசலிலே நூல் கட்டிக் காசு வாங்குபவரை மூடநம்பிக்கையின் வியாபாரி என்று மேடையிலே சாடுகிறோம். கண்ணாடிக் குப்பியிலே நிரப்பி, குளிர்பெட்டியிலே வைத்து, கழுத்துப்பட்டி கட்டிய பிரதிநிதி கொண்டுவந்தால் அதே வியாபாரம் விஞ்ஞானமாகிவிடுமா? நாட்டு வைத்தியத்தின் சார்பில் நான் இதைப் பேசவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எண்ணெய் உருவலுக்கும் இதே கேள்விதான், இதே தராசுதான்.

அப்படியானால் நம்பத்தக்கது ஒன்றுமே இல்லையா? உண்டு. அவற்றுட் பல மலிவானவை. மலிவானவை என்பதனாலேயே அவற்றுக்கு விளம்பரம் இல்லை.

முதலாவது, நேரம். மூளைக்குச் செல்லும் குருதிக் குழாய் பெரிதாக அடைபட்ட பாரிசவாதத்தில், நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 இலட்சம் நரம்புக் கலங்கள் அழிகின்றன என்று 2006இல் கணக்கிட்டிருக்கிறார்கள். அடைத்த குருதிக் கட்டியைக் கரைக்கும் ஊசி ஒன்று மெய்யாகவே உண்டு. மூன்று மணித்தியாலத்துக்குள் கொடுத்தால் பயன் என்று 1995இலும், நாலரை மணித்தியாலம் வரை பயன் என்று 2008இலும் பரிசோதனைகள் காட்டின. ஆனால் அதற்கு முன் ஸ்கான் எடுத்து, மூளையிலே குருதி கசியவில்லை என்று அறியவேண்டும். ஆகவே அந்த ஊசியின் உண்மையான விலை ரூபாவில் இல்லை. அம்புலன்சிலும், ஸ்கான் இயந்திரத்திலும், இரவிலும் விழித்திருக்கும் வைத்தியரிலும், வாய் கோணியவுடன் ஓடத் தெரிந்த அயலவரிலும் இருக்கிறது. நாங்கள் சோடா பருக்கிய மணித்தியாலங்களை எந்தக் குப்பியும் திருப்பித் தராது. விழுங்கும் ஆற்றல் குன்றிய ஒருவருக்கு நீராகாரம் கொடுப்பதே நுரையீரலுக்கு ஆபத்து என்பதைக்கூட அன்று நாங்கள் அறிந்திருக்கவில்லை.

இரண்டாவது, முறையான பராமரிப்பு. பாரிசவாத நோயாளரை ஒரே வார்ட்டிலே சேர்த்து, பயிற்றப்பட்ட தாதியர், இயன்மருத்துவர், பேச்சுச் சிகிச்சையாளர் ஆகியோர் கூடிப் பராமரிப்பதால் உயிரும் தன்காலில் நிற்கும் நிலையும் காக்கப்படுவதை ஆறாயிரம் நோயாளரளவில் உட்பட்ட பரிசோதனைகள் காட்டியுள்ளன. இங்கே அதிசய மருந்து எதுவுமில்லை. விழுங்க முடிகிறதா என்று பார்க்கிறார்கள், புரட்டிப் படுக்கவைக்கிறார்கள், காய்ச்சலைக் கவனிக்கிறார்கள், உரிய நேரத்தில் எழுப்பி உட்காரவைக்கிறார்கள். அந்த 'உரிய நேரம்' என்பதும் சோதித்து அறியப்பட்டதே. முதல் நாளிலேயே அளவுக்கு மிஞ்சி எழுப்பி நடக்கவைப்பது நல்லதன்று என்று 2,000 பேருக்கு மேற்பட்டோரிடம் நடந்த பரிசோதனை 2015இல் காட்டிற்று. நாம் விரும்பும் சிகிச்சையையும் தராசில் வைக்கவேண்டும் என்பதற்கு இது சான்று. இன்னொன்றும் உண்டு. இந்தியாவின் 14 வைத்தியசாலைகளில் 1,250 நோயாளரை உட்படுத்திய ஆய்வு 2017இல் வெளியாயிற்று. குடும்பத்தவருக்குப் பயிற்சி முறைகளைக் கற்பித்து வீட்டுக்கு அனுப்புவது மட்டும் மேலதிக பயன் தரவில்லை என்று அது கண்டது. இதன் பொருள் என்ன? பயிற்றப்பட்ட ஊழியர் செய்யவேண்டிய வேலையை வீட்டுப் பெண்களின் தலையிலே கட்டிவிட்டு அரசு கைகழுவ முடியாது என்பதே.

மூன்றாவது, அற்பமாய்த் தோன்றும் குளிசைகள். அஸ்பிரின் ஏறத்தாழ 40,000 நோயாளரிடம் பரிசோதிக்கப்பட்டது. குருதி அடைப்பால் வந்த பாரிசவாதத்தில் உடனே தொடங்கினால், ஆயிரம் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேர் மரணத்திலிருந்தோ இன்னொரு தாக்குதலிலிருந்தோ தப்புகின்றனர். ஒன்பதுதானா என்று நீங்கள் கேட்கலாம். ஆம், ஒன்பது பேர். ஆனால் மெய்யான ஒன்பது பேர். ஒரு முறை பாரிசவாதம் கண்டவர்கள் 6,105 பேரை ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வொன்று, குருதி அழுத்தத்தைக் குறைக்கும் மருந்தால் மறுபடி தாக்குதல் 28 சதவீதம் குறைவதை 2001இல் காட்டிற்று. தலையில் அடிபட்டவர்களுக்கும் ஒரு மலிவான ஊசி உண்டு. 1962இல் யப்பானிய விஞ்ஞானி உற்றாக்கோ ஒக்காமோற்றோவும் அவருடைய கணவரும் உலகுக்கு அறிவித்த திரனெக்சாமிக் அமிலம், குருதிப் பெருக்கைத் தடுக்கும் மருந்து. 12,737 பேரிடம் அது பரிசோதிக்கப்பட்டது. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது வேறுபாடு உறுதியாகத் தெரியவில்லை. கடுமை குறைந்த அடிபட்டவர்களுக்கு மூன்று மணித்தியாலத்துக்குள் கொடுத்தபோது மரணம் குறைந்ததை 2019இல் கண்டார்கள். இங்கும் வரம்பு சொல்லப்படுகிறது: யாருக்கு, எப்போது, எவ்வளவு. மெய்யான மருந்து தன் எல்லையைச் சொல்லும்.

இவ்வளவு தெரிந்திருந்தும் நிறுவப்படாதது விற்பனையாவதும் நிறுவப்பட்டது கிடைக்காமற் போவதும் ஏன்? குப்பியை விற்றால் இலாபம்; இயன்மருத்துவருக்குச் சம்பளம் கொடுத்தால் செலவு. குப்பிக்குப் பிரதிநிதி உண்டு. பயிற்சிக்குப் பிரதிநிதி இல்லை. வேலைப் பளுவால் களைத்த வைத்தியர் ஒருவர், கையிலே வேறெதுவும் இல்லாத நேரத்தில், ஏதாவது செய்யவேண்டும் என்ற தவிப்பில் அந்தத் துண்டை எழுதியிருக்கலாம். அவரைத் தூற்றுவது என் நோக்கமன்று. அந்தத் தவிப்பைச் சந்தையாக்கிய பொருளாதார முறையையே நான் குற்றஞ்சாட்டுகிறேன்.

இது நம் நாட்டிலே புதிய வழக்கன்று. வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் பேராசிரியர் சேனக பிபிலேயும் 1971இல் அளித்த அறிக்கை, இந்நாட்டுக்கு வந்துகொண்டிருந்த இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட மருந்துகளை ஏறத்தாழ அறுநூறாகக் குறைக்கலாம் என்று காட்டிற்று. அதே ஆண்டில் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியது. பிபிலே அதன் முதல் தலைவரானார். அவர் கேட்ட கேள்விகள் எளியவை: இம்மருந்து தேவையா? இது பயன் தருமா? பாதுகாப்பானதா? இதே பயனை இதைவிடக் குறைந்த விலையிற் பெறமுடியாதா? இந்த எளிய கேள்விகளுக்குப் பன்னாட்டுக் கம்பனிகள் காட்டிய எதிர்ப்பை நம் நாட்டு வரலாறு அறியும். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. தனியார் துறைக்கான மருந்து இறக்குமதியில் கூட்டுத்தாபனத்துக்கு இருந்த தனியுரிமை போயிற்று. அவ்வாண்டு செப்ரெம்பரில் கயானா நாட்டிலே பிபிலே காலமானார். உலக சுகாதார நிறுவனம் தன் முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டதும் அதே 1977இல்தான். நம் மண்ணில் ஏற்கெனவே செயலாகிக்கொண்டிருந்த எண்ணத்தை உலகம் ஏற்ற ஆண்டிலே நாம் அதைக் கைநெகிழவிட்டோம்.

2022இல் அன்னியச் செலாவணி வரண்டபோது சாதாரண மருந்துகளுக்கும் தட்டுப்பாடு ஏற்பட்டது. வைத்தியசாலைகளில் அவசரமற்ற சத்திரசிகிச்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. பயன் நிறுவப்படாத ஒவ்வொரு குப்பியும் அந்தச் செலாவணியிலிருந்தே வாங்கப்படுகிறது என்பதை அப்போதாவது நாம் உணர்ந்திருக்கவேண்டும். பிபிலேயின் கேள்விகள் அன்றைய கேள்விகளல்ல. இன்று மருந்துக் கடை முகப்பிலே நிற்கும் ஒவ்வொரு பெண்ணின் கேள்விகள்.

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே, நம்முடைய பங்கு என்ன? உயர்தர வகுப்பில் பிள்ளைகளுக்கு எத்தனையோ சூத்திரங்களை மனனம் செய்விக்கிறோம். 'எதனோடு ஒப்பிட்டீர்கள்?' என்ற ஒரு கேள்வியைக் கேட்கக் கற்பிக்கிறோமா? வாய் கோணல், கை துவளல், சொற் குழறல் என்னும் மூன்று அடையாளங்களில் ஒன்றைக் கண்டாலும் ஒரு நிமிடமும் தாமதிக்காது வைத்தியசாலைக்குப் போகவேண்டும் என்பதை எத்தனை பாடசாலைச் சுவர்களில் எழுதியிருக்கிறோம்? வெளியே மருந்து வாங்கச் சொல்லித் துண்டு தரப்படும்போது, வைத்தியரிடம் மரியாதையோடு நான்கு கேள்விகள் கேட்க நோயாளியின் வீட்டாருக்குத் துணைநின்றிருக்கிறோமா? இது எதற்கு, இதனால் பயன் என்று எங்கே கண்டார்கள், இதை வாங்காவிட்டால் என்ன நேரும், இந்தக் காசை வேறெதற்குச் செலவிட்டால் நோயாளிக்கு அதிக நன்மை? கேட்பது அவமதிப்பன்று. வைத்தியரின் சொல்லைக் கேளாமல் மருந்தை நிறுத்துவதும் நான் சொல்வதன்று. கேள்வி கேட்கும் நோயாளியை நல்ல வைத்தியர் வரவேற்பார்.

தனி மனிதருடைய கேள்வியோடு இது முடிந்துவிடவும் கூடாது. ஒவ்வொரு மாவட்டத்திலும் பாரிசவாத நோயாளருக்கு முறையான வார்ட்டு. தூரத்துக் கிராமங்களுக்கு இயன்மருத்துவர் செல்லும் ஏற்பாடு, அல்லது நோயாளி வந்துபோகப் பிரயாணச் செலவு. பயன் நிறுவப்படாத மருந்தை வெளியே வாங்கச் சொல்லும் வழக்கத்துக்குத் தடை. இம்மூன்றும் நம் தொழிற்சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் சம்பள உயர்வுக்கு அருகே இடம்பெறவேண்டும். இடம்பெறாவிட்டால், அடுத்த முறையும் நாம் பட்டியல் எழுதிக் காசு சேர்த்துக் குப்பி வாங்குவோம்.

நான் இப்போது வாரத்தில் இரு நாள், பாடசாலை விட்டபின், அண்ணையை இயன்மருத்துவப் பிரிவுக்கு அழைத்துச் செல்கிறேன். ஆசிரியர்கள் திரும்பவும் காசு சேர்த்தோம்; இம்முறை வண்டிக் கூலிக்கு. இறுகிய விரல்கள் முழுவதும் விரியுமா என்று கேட்டேன். 'சொல்லமுடியாது, காலம் கடந்துவிட்டது. ஆனாலும் செய்வோம்' என்றார் இயன்மருத்துவர். அந்த விடையில் வாக்குறுதி எதுவுமில்லை. ஆயினும் அண்ணையின் மனைவி அதைக் கேட்டுத் தலையசைத்தார். உண்மையைத் தாங்கும் வலிமை ஏழைக்கு இல்லை என்று நினைத்து அன்று பொய் சொன்னவன் நான். அந்த வலிமை எனக்குத்தான் இருக்கவில்லை.